வராதவர் வீட்டுக் கூட்டம்

செய்தி வந்தபோது நான் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தேன். வெங்காயம் காய்ந்தது போதாது, ஈரம் கிடக்கிறது என்று நொட்டை சொல்லிக்கொண்டு நின்ற என்னை வெங்காயக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"ரீச்சர், உங்களுக்குச் சேதி தெரியாதோ? மிஸ்ஸி விடியக்காலமை மோசம் போயிட்டாவாம்."

"எந்த மிஸ்ஸி?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்றால் ஒரே ஒருவர்தான். வாய் கேட்டதே தவிர மனதுக்குத் தெரியும்.

"வேறை ஆர்? உங்கடை கூட்டத்து மிஸ்ஸிதான். என்ரை பிள்ளையள் எல்லாத்தையும் ஏந்தினவ." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, கேட்காமலே இன்னும் இரண்டு பிடி வெங்காயத்தை அள்ளிப் பைக்குள் போட்டாள். "கொண்டுபோங்கோ. செத்த வீட்டுச் சனத்துக்கு ஆரும் சமைக்கோணுமெல்லே."

எஸ்தர் அன்னம்மா நல்லதம்பி என்பது அவருடைய முழுப் பெயர். சந்தியில் ஒட்டிய மரண அறிவித்தலில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, "உது ஆர் புதுசாய்?" என்று கேட்டவர்களும் உண்டு. ஊருக்கு அவர் மிஸ்ஸி. அரசாங்க மருத்துவிச்சி. கறுப்புத் தோல்பையைச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு உடுவில் பக்கத்து ஒழுங்கைகளெல்லாம் திரிந்தவர். என்னைவிட மூத்தவர். ஆனாலும் அக்கா என்று கூப்பிட விடவில்லை. "அக்கா எண்டு கூப்பிட்டால் பேந்து என்னோடை சண்டை பிடிக்கேலாது, ரீச்சர். மிஸ்ஸி எண்டே கூப்பிடுங்கோ" என்பார். அவரோ கடைசிவரை என்னை ரீச்சர் என்றே கூப்பிட்டார். நான் தையல் ரீச்சர்.

கோயிலின் மாதப் பத்திரிகைக்கு அவருடைய ஜெப வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரும்படி போதகர் கேட்டார். எழுதுகிறேன். ஆனால் அதில் மிஸ்ஸி ஜெபிக்க முடியாமல் கிடந்த ஒரு மாரிகாலமும் வரும். அதை விட்டுவிட்டு எழுதினால் அது மிஸ்ஸி அல்ல, வேறு யாரோ ஒரு பரிசுத்தவாட்டி. அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது.

சிங்களம் படித்தால்தான் உத்தியோகம் என்று சட்டம் வந்த பிறகுதான் அவர்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். கொழும்பில் கந்தோர் வேலையில் இருந்த அவருடைய கணவர் நல்லதம்பி அண்ணை, "படிக்கவும் மாட்டன், சோதினை எழுதவும் மாட்டன்" என்று வேலையை விட்டெறிந்துவிட்டு வந்து காணியில் இறங்கினார். மிஸ்ஸியும் மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு கூடவே வந்தார். அண்ணை சைவர். காலையில் குளித்துத் திருநீறு பூசாமல் தேத்தண்ணி குடிக்கமாட்டார். மிஸ்ஸி எங்கள் மிஷன் சபையில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். இருவரும் ஒருவரை ஒருவர் மாற்ற முயன்றதாக எனக்குத் தெரியாது. வேறு எல்லாவற்றுக்கும் சண்டை பிடித்தார்கள்.

அப்போது எங்கள் புதன்கிழமை ஜெபக்கூட்டம் தபாலதிபர் சின்னத்துரை அண்ணை வீட்டில்தான் நடக்கும். கூட்டம் என்று சொல்லவே வெட்கம். ஒரு பாய்க்குள் அடங்கிவிடுவோம். மிஸ்ஸி முதன்முதல் வந்த அன்று ஜெபம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, கன நாளாக வராத ஒரு விதவை அம்மாவைப் பற்றிக் கதை வந்தது. அவவுக்கு விசுவாசம் குளிர்ந்துபோய்விட்டது என்றார் ஒருவர். உலகப் பற்றுக் கூடிவிட்டது என்றார் இன்னொருவர். மிஸ்ஸி கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவவின்ரை வீடு எங்கை?"

"உந்த வயிரவர் கோயிலடியிலை. ஏன்?"

"அவவைப் பற்றிக் கதைக்கிறதை அவவின்ரை வீட்டை போயிருந்து கதைப்பம். எழும்புங்கோ."

வந்த அன்றே எங்களை ஆட்டிவைக்கத் தொடங்கிவிட்டாரே என்று எனக்கு நல்ல கோபம். ஆனாலும் எழும்பினேன். பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு சின்னத்துரை அண்ணை முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் போனோம். அந்த அம்மா படலையைத் திறந்து எங்களைப் பார்த்ததும் அழுதுவிட்டார். விசுவாசமும் குளிரவில்லை, உலகப் பற்றும் கூடவில்லை. காய்ச்சலில் ஒரு கிழமை வராமல் இருந்திருக்கிறார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த கிழமை போக ஒரு மாதிரி இருந்ததாம். அதற்கடுத்த கிழமை இன்னும் ஒரு மாதிரி இருந்ததாம். அவ்வளவுதான் விஷயம்.

அன்றைக்குப் பிறந்ததுதான் எங்கள் முறை. தொடர்ந்து இரண்டு புதன்கிழமை ஒருவர் வராவிட்டால், மூன்றாம் கிழமைக் கூட்டம் அவர் வீட்டில். யாரும் விடுபடாத கிழமைகளில் வசதிப்பட்ட ஒரு வீட்டில். கூப்பிடத் தேவையில்லை, சொல்லி அனுப்பவும் மாட்டோம். "பாய் எங்கடை, தேத்தண்ணி உங்கடை" என்று மிஸ்ஸி சட்டம் போட்டார். கூப்பிடாமல் ஒரு வீட்டுக்குப் போவது மரியாதையில்லை என்று நான் சொன்னேன். அதற்கு அவர் சொன்னதை இன்றும் மறக்கவில்லை.

"ரீச்சர், கூப்பிட்டால்தான் போவன் எண்டு நான் இருந்தால், பிள்ளை பெத்தவளவையிலை பாதிப் பேர் செத்துப்போவினம். பெத்த வீட்டுக்குப் பிறகும் ஏன் நாங்கள் போறனாங்கள்? படலையிலை நிண்டு 'நான் சுகம், நீங்கள் போங்கோ' எண்டு சொல்லுறாளே, அவளைத்தான் முதல்லை உள்ளை போய்ப் பாக்கோணும்."

இந்த முறையால் வந்த கூத்துகளும் கொஞ்சமல்ல. ஒருமுறை சின்னத்துரை அண்ணையே இரண்டு கிழமை வரவில்லை. அவர் வீட்டில் தொடங்கிய கூட்டத்துக்கு அவரே வராவிட்டால் எப்படி? மூன்றாம் கிழமை பாயும் கீர்த்தனைப் புத்தகமுமாக நாங்கள் போய் இறங்கினால், வாசலில் ஒரு கார் நிற்கிறது. உள்ளே பருத்தித்துறையிலிருந்து வந்த பெரிய மனிதர்கள், நெற்றி நிறையத் திருநீறு, சந்தனப் பொட்டு. மகளுக்குக் கலியாணப் பேச்சு. சைவ மாப்பிள்ளை என்றால் நாங்கள் முகம் சுளிப்போம் என்று பயந்து மனிதர் ஒளித்துத் திரிந்திருக்கிறார். எங்களைக் கண்டதும் அவருடைய முகம் போன போக்கைச் சொல்லி முடியாது.

நான் திரும்பிப் போவோம் என்று மிஸ்ஸியின் கையைப் பிடித்து இழுத்தேன். மிஸ்ஸியோ ஒன்றும் நடவாதது போலப் பாயை விரித்தார். ஒரு பாட்டுப் பாடினோம். பிறகு இரண்டு குடும்பமும் நல்லாயிருக்க வேண்டும் என்று சின்னதாக ஒரு ஜெபம். மிஸ்ஸியின் ஜெபம் எப்போதும் சின்னதுதான். முடிந்ததும் மாப்பிள்ளையின் மாமன், "பொம்பிளைக்காண்டி இவ்வளவு சனம் வந்து கும்பிடுதே, நல்ல இடமாய்த்தான் கிடக்கு" என்று சொல்லிவிட்டார். கலியாணம் சரிவந்தது. வெளியே வரும்போது சின்னத்துரை அண்ணையை மிஸ்ஸி பிடித்துக்கொண்டார்.

"என்ரை மனிசன் திருநீறோடைதானே அங்கை இருக்கிறார். நீங்கள் ஆருக்கண்ணை பயந்தனியள்?"

"பயமில்லை மிஸ்ஸி, ஒரு கூச்சம்."

"உந்தக் கூச்சம்தான் ஆக்களைப் பிரிச்சு வைக்கிறது. பாவம் செய்து விலகிப் போனவையைவிடக் கூச்சத்திலை விலகிப் போனவைதான் கூட."

சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அந்தக் கலியாணத்தின் முதல் பிள்ளையையும் அவர்தான் ஏந்தினார்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வகுப்பு நிறையப் பெண் பிள்ளைகளை அதட்டி வைத்திருக்கும் எனக்கு, நாலு பேர் முன்னால் கண்ணை மூடி ஜெபிக்க வராது. நாக்கு ஒட்டிக்கொள்ளும். அம்மா இறந்த வருஷம் அது இன்னும் மோசமாயிற்று. தனியே இருக்கும்போதும் வார்த்தை வரவில்லை. எனக்கும் கடவுளுக்கும் நடுவில் யாரோ கதவைச் சாத்திவிட்டது போல் இருந்தது. கூட்டத்துக்கு வராமல் விட்டேன். வந்தால் என் முறை வரும், ஜெபிக்கச் சொல்வார்கள். மூன்றாம் கிழமை வழக்கப்படி பாயோடு வந்து நின்றார்கள். மிஸ்ஸியைத் தனியே குசினிக்குள் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"வாய் வராட்டி ஆமெனை மட்டும் சொல்லுங்கோ ரீச்சர். மிச்சத்தை மற்றவை சொல்லுவினம். அதுக்குத்தானே கூட்டம். எல்லாரும் எல்லாம் தனியச் செய்யேலுமெண்டால் நாங்கள் ஏன் புதனுக்குப் புதன் பாய் காவித் திரியிறம்?"

அந்த வருஷம் முழுக்க நான் ஆமென் மட்டும்தான் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விட்டுப் போகவில்லை. கிறிஸ்துவோடு இருந்த தொடர்பு அறுந்து போகாமல் எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்லால்தான்.

மிஸ்ஸியின் ஆமெனைக் கேட்டவர்களுக்கு நினைவிருக்கும். எல்லோரும் சொல்லி முடிந்த பிறகு, கொஞ்சம் பிந்தி, உரத்து வரும். கூட்டம் முடிந்தது என்பதற்கு அதுதான் மணி. அதைக் கேட்ட பிறகுதான் கண் திறப்போம்.

இனி அந்த மாரிகாலம். பக்கத்துக் கிராமத்தில் ஓர் இளம் பெண்ணுக்குத் தலைப்பிள்ளை. மழை விடாமல் கொட்டி, ஒழுங்கையெல்லாம் முழங்காலளவு வெள்ளம். பிள்ளை பிறந்துவிட்டது. தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் பிடித்தார்கள். கார் வீட்டுக்கு வந்து சேருமுன்பே வெள்ளத்துக்குள் நின்றுவிட்டது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரிய தெருவுக்குப் போய்ச் சேருமுன் அவள் போய்விட்டாள். மிஸ்ஸி கூடவே ஓடியிருக்கிறார். அந்தச் சாவு எங்களுக்கும் தெரியும். பெருமூச்சு விட்டோம். மிஸ்ஸி எத்தனை சாவைக் கண்டவர், தாங்குவார் என்று நினைத்துக்கொண்டோம்.

அடுத்த புதன்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. முறைப்படி நாங்கள் அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மருத்துவிச்சி வரவில்லை என்றால் எங்கேயோ பிள்ளை பிறக்கிறது என்றுதான் அர்த்தம். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம். ஆகவே ஒவ்வொரு கிழமையும் என்ன செய்தோம் தெரியுமா? மிஸ்ஸியின் கையில் இந்நேரம் வேதனைப்பட்டுக்கொண்டிருக்கும் அந்தத் தாய்க்காக ஊக்கமாய் ஜெபித்தோம். இல்லாத தாய்க்கு! ஒரு நாள் சின்னத்துரை அண்ணை, "இவ்வளவு நேரம் செல்லுதெண்டால் இரட்டைப் பிள்ளையாக்கும்" என்று சொல்லி, இரண்டுக்கும் சேர்த்தே ஜெபித்தார். கோதாரி, இப்போது நினைத்தாலும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

ஒரு புதன்கிழமை கூட்டம் என் வீட்டில். பாட்டுத் தொடங்கவில்லை. படலையடியில் ஆள் நிற்பது தெரிந்து போய்ப் பார்த்தேன். நல்லதம்பி அண்ணை. தோளில் சால்வை, நெற்றியில் திருநீறு. அவர் எங்கள் கூட்டம் நடக்கும் வீட்டு வாசலுக்கு வந்ததே அதுதான் முதல் தடவை.

"வாங்கோ அண்ணை, உள்ளை வாங்கோ."

"உள்ளை வரேல்லை. ஒண்டு கேட்க வந்தனான். உங்கடை முறை எங்கடை வீட்டுக்கு இல்லையோ?"

எனக்கு விளங்கவில்லை. "என்னண்ணை சொல்லுறியள்? மிஸ்ஸி பிள்ளைப்பெறுவுக்கெல்லே போயிருக்கிறா?"

"ஆரின்ரை பிள்ளைப்பெறு? வேலைக்குப் போறா, வாறா. புதன்கிழமை எண்டால் மத்தியானத்திலையிருந்து சுவரைப் பாத்துக்கொண்டு படுத்துக் கிடக்கிறா. ஊரெல்லாம் பாய் தூக்கிக்கொண்டு போறியள். என்ரை மனிசியைத் தேட மட்டும் ஒருத்தருக்கும் கால் வரேல்லை, என்ன?"

அந்த மனிதருக்கு வந்தது கோபமா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே வந்து சொன்னேன். விரித்த பாயைச் சுருட்டினோம். அடுப்பில் வைத்த தண்ணீரை இறக்கிவிட்டு நானும் நடந்தேன்.

மிஸ்ஸி எங்களைக் கண்டு எழும்பி இருந்தார். முகம் ஊதிப்போய், தலை வாராமல், அவர்தானா என்று இருந்தது.

"ஆர் உங்களைக் கூப்பிட்டது?"

"நீங்கள் போட்ட முறைதான் மிஸ்ஸி" என்றார் சின்னத்துரை அண்ணை.

"என்னை ஜெபிக்கச் சொல்லாதையுங்கோ. எனக்கு ஏலாது. அந்தப் பெட்டை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவள், 'மிஸ்ஸி, நான் தப்புவனோ' எண்டு. நான் சொன்னனான், பயப்பிடாதை பிள்ளை, கர்த்தர் இருக்கிறார், நீ எழும்பி நடப்பாய் எண்டு. அவரின்ரை பேரிலை சொன்னனான். நான் சொன்னதை நம்பிக்கொண்டே அவள் செத்துப்போனாள். இனி அவரோடை நான் என்னத்தைக் கதைக்கிறது?"

சின்னத்துரை அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, தேவ சித்தம் என்று ஏதோ தொடங்கினார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார். எனக்கு அன்று உண்மையாகவே பயம் வந்தது. மிஸ்ஸி விட்டுப் போனால் அவரோடு அவருடைய ஆண்டவரும் போய்விடுவார், பிறகு நாங்கள் ஒவ்வொருவராய்க் கழன்றுவிடுவோம் என்று தெரிந்தது. அதைவிட, அந்த முகத்தைப் பார்க்க நெஞ்சு வெந்தது. எங்கள் எல்லோரையும் தேடி வந்த ஆள், தன்னைத் தேட ஆளில்லாமல் கிடந்திருக்கிறார்.

"ஆமெனை மட்டும் சொல்லுங்கோ மிஸ்ஸி. மிச்சத்தை நாங்கள் சொல்லுறம்" என்றேன்.

"அதுவும் வராது ரீச்சர்."

"சரி, வராட்டி விடுங்கோ. நாங்கள் இஞ்சை இருக்கிறம்."

இருந்தோம். அடுத்த புதனும் அங்கேதான் போனோம். அதற்கடுத்த புதனும். வேறு வீட்டுக் கதையே இல்லை. மிஸ்ஸி சுவரோரமாக ஒரு பாயில் இருப்பார். பாடமாட்டார், கண்ணை மூடமாட்டார். நாங்கள் வழக்கம் போலப் பாடி, வேதம் வாசித்து, ஜெபித்தோம். தை போய் மாசியும் போயிற்று. கூட்டம் முடிந்தது என்று சொல்ல அந்தப் பிந்திய ஆமென் இல்லை. எப்போது கண்ணைத் திறப்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். நல்லதம்பி அண்ணை வெளியே பந்தலின் கீழ் சாய்மனைக் கதிரையில் பேப்பரோடு இருப்பார். திராட்சைப் பந்தல். எங்கள் ஊரில் அதை முந்திரிகை என்போம். கந்தோர் வேலையை விட்டு வந்து அவர் முதல் நட்ட கொடி அது.

பங்குனி வெயில் தொடங்கிய ஒரு நாள், மற்றவர்கள் ஆளுக்கொரு சாட்டுச் சொல்லி ஒதுங்கிவிட, ஜெபிக்கத் தெரியாத நானே ஜெபிக்க வேண்டி வந்தது. தட்டுத் தடுமாறி ஏதோ சொன்னேன். மிஸ்ஸியைப் பற்றி நேரே ஒன்றும் சொல்லவில்லை. எங்களை ஒன்றாக வைத்திரும் என்று மட்டும் கேட்டேன். முடித்தேன். எல்லோரும் ஆமென் என்றார்கள். பிறகு அந்த வெறுமை. அப்போது வெளியே பந்தலடியிலிருந்து, மாட்டைக் கூப்பிடுகிற குரலில், "ஆமென்!" என்று ஒரு சத்தம்.

எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டோம். மிஸ்ஸி திரும்பிப் பார்த்தார்.

"உது ஆர்?"

"நான்தான்" என்றார் அண்ணை வெளியிலிருந்து.

"உங்களுக்கேன் உந்த வேலை?"

"உங்கை ஒரு ஆமென் குறைஞ்சு கிடக்குது. கன கிழமையாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறன், காதுக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. அதுதான் சொன்னனான்."

"ஆமெனெண்டால் என்னெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? உன்ரை பங்கு சும்மா கிடந்தது. எடுத்துச் சொன்னன்."

மிஸ்ஸி சிரித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு! சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, பிறகு அது அழுகையாகவே மாறிவிட்டது. நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவர் என் தோளில் சாய்ந்து, "பாருங்கோ ரீச்சர், சிவபெருமானின்ரை ஆள் எனக்காண்டி ஆமென் சொல்லுறார்" என்றார். அடுத்த புதன்கிழமை, எல்லோரும் சொல்லி முடிந்து, கொஞ்சம் பிந்தி, அந்த ஆமென் அவருடைய வாயிலிருந்தே வந்தது. உரத்துத்தான் வந்தது. பந்தலடியில் பேப்பர் மடிக்கும் சத்தமும் கேட்டது.

அதற்குப் பிறகு மிஸ்ஸியின் ஜெபம் இன்னும் சின்னதாகிவிட்டது. யாருக்கும் எதையும் உறுதி சொல்லமாட்டார். ஒருநாள் கேட்டேன். "நான் இனி வாக்குக் குடுக்கமாட்டன் ரீச்சர். கூட இருக்கிறன் எண்டு மட்டும் சொல்லுவன். ஆண்டவரும் முடிவிலை அதைத்தானே சொல்லிப்போட்டுப் போனவர்" என்றார். தாயில்லாத அந்தப் பெண் குழந்தையைப் பார்க்கப் போவதை அவர் நிறுத்தவே இல்லை. பென்சன் எடுத்த பிறகும், அவள் பெரியவளாகிப் பள்ளிக்கூடம் முடிக்கும் வரைக்கும் போனார்.

போன மாதம் அவருக்கு நெஞ்சில் வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு புதன்கிழமை வரவில்லை. மூன்றாம் கிழமைக் கூட்டம் அவர் வீட்டில் என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். நாங்கள் போக இருந்த புதனுக்கு முந்திய திங்கட்கிழமை, விடியும் நேரத்தில் அவர் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை அடக்கம். நல்ல சனம். அவர் ஏந்திய கைக்குழந்தைகள் வளர்ந்து மீசையோடு வந்து பெட்டியைத் தூக்கினார்கள். சவக்காலையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது நல்லதம்பி அண்ணை என்னிடம் வந்தார்.

"ரீச்சர், நாளைக்குப் புதன். அவ ரெண்டு கிழமை வரேல்லை. வருவியள்தானே?"

"ஓம் அண்ணை, வருவம்" என்றேன்.

போனோம். பாய் விரித்தோம். சுவரோரத்தை ஒருவரும் தொடவில்லை. பாட்டு நடுவில் நின்றுவிட்டது. சின்னத்துரை அண்ணைக்கு இப்போது வயது போய்விட்டது, அவர் குழந்தை போல அழுதார். ஜெபத்துக்குக் கண்ணை மூடினோம். யாரும் தொடங்கவில்லை. எல்லோரும் என்னையே எதிர்பார்த்திருக்கிறார்கள் என்று மூடிய கண்ணுக்கும் தெரிந்தது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அம்மா செத்த வருஷம் போலவே. நேரம் போயிற்று.

வெளியே சாய்மனைக் கதிரை கிறீச்சிட்டது. நல்லதம்பி அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இத்தனை வருஷத்தில் கூட்டத்துக்குள் அவர் வந்து இருந்தது அன்றுதான். நேரே போய்ச் சுவரோரத்தில், மிஸ்ஸி இருக்கும் இடத்தில் இருந்தார்.

"என்ன, ஒருத்தருக்கும் வாய் வரேல்லையோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப ஆமெனை மட்டும் சொல்லுங்கோ. அப்பிடித்தானே அவ சொல்லுறவ."

முன்னால் ஒரு ஜெபமும் இல்லாமல் நாங்கள் ஆமென் சொன்னோம். எல்லோரும் சொல்லி முடிந்த பிறகு, கொஞ்சம் பிந்தி, உரத்து, அவரும் சொன்னார். அதன் பிறகுதான் நாங்கள் கண்ணைத் திறந்தோம்.

மிஸ்ஸி எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு சொல். எனக்கு வார்த்தை வராத நாளில் அதைச் சொல்வேன். வேறு யாருக்காவது அதுவும் வராவிட்டால், அவர்கள் பங்கையும் சேர்த்துச் சொல்வேன்.

எழும்பிப் பாயைச் சுருட்டும்போது சின்னத்துரை அண்ணை வழக்கம் போலக் கேட்டார், அடுத்த கிழமை ஆர் வீட்டை என்று. நல்லதம்பி அண்ணை அவரை விசித்திரமாகப் பார்த்தார்.

"இதென்ன கேள்வி? அடுத்த கிழமையும் அவ வரமாட்டாதானே. அப்ப இஞ்சைதான். அதுக்கடுத்த கிழமையும் இஞ்சைதான். நீங்கள் பாயைக் கொண்டு வாங்கோ. தேத்தண்ணி என்ரை."